யாங்கூனில் யானைக் கட்சியும் கழுதைக் கட்சியும்

யாங்கூனுக்கு, அதாவது பழைய ரங்கூனுக்கு, எதற்குப் போனீர்கள் என்று கேட்பவர்களிடம், அமெரிக்க அரசியல் சொல்லிக்கொடுக்கப் போனேன் என்றால் யாரும் நம்புவதில்லை. தேக்கு வியாபாரமா, ரத்தினக் கல்லா என்று குரலைத் தாழ்த்தி மறுபடியும் கேட்கிறார்கள். நான் திருச்சியில் ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் பதினைந்து வருஷமாக இந்திய அரசமைப்பு நடத்துகிறவன். அமெரிக்காவை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. ஆனாலும் போனது அதற்குத்தான்.

காரணம் கமலா. என் மனைவியின் பெரியப்பா மகள். என் மாமனார் சிறுவயதில், அறுபதுகளில், தாயோடு கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிட்டார். அவருடைய அண்ணன் துறைமுக வேலையில் இருந்த தகப்பனோடு அங்கேயே தங்கிவிட்டார். அந்த அண்ணனின் மகளுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. யாங்கூனுக்கு அக்கரையில் இருக்கும் தன்லியினில் ஒரு சிறிய மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறாள். தாய்லாந்தில் முதியோர் பராமரிப்புப் படிப்பு ஒன்றில் அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவளிடம் பள்ளி இறுதிச் சான்றிதழ் ஏது? அதற்கு ஈடாக அமெரிக்காக்காரர்களின் தேர்வு ஒன்று இருக்கிறது. கணினி முன் உட்கார்ந்து நான்கு பாடங்கள் எழுத வேண்டும். வெளிநாடு போக நினைக்கும் யாங்கூன் இளசுகள் எல்லாம் அதைத்தான் எழுதுகிறார்கள்.

கமலா மூன்று பாடங்களில் தேறிவிட்டாள். சமூக அறிவியலில் இரண்டு முறை கோட்டை விட்டாள். அமெரிக்க அரசாங்கம், அதிலும் கட்சிகள் பற்றிய பகுதிதான் அவள் காலை வாரியது. மூன்றாவது முறையும் போனால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் தாய்லாந்தில் சேர்க்கை முடிந்துவிடும். இதைப் போனில் கேட்ட என் மனைவி, "அவருகிட்டச் சொல்றேன்டி. அரசியல்னா எல்லா ஊர்லயும் அரசியல்தானே?" என்று என்னைத் தாரை வார்த்துவிட்டாள். எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்துக்குக் கமலாவின் கணவர் மூர்த்தி வந்திருந்தார். ஊரில் அவருக்குக் கோ மூர்த்தி என்று பெயர். ஆண் பெயருக்கு முன் கோ, பெண் பெயருக்கு முன் மா, வயதானால் ஊ, டோ என்று பர்மிய மரியாதையைத் தமிழ்ப் பெயரோடு ஒட்டிவிடுகிறார்கள். "வாங்க சகலை" என்று என் பையைப் பிடுங்கிக்கொண்டார். ஜெனரேட்டர் பழுதுபார்ப்பது அவர் தொழில். மின்சாரம் வருவதைவிடப் போவதே அதிகமாக இருக்கும் ஊரில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை.

டாக்சியில் ஏறியதும்தான் கவனித்தேன். வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகின்றன. ஸ்டியரிங்கும் வலது பக்கமே இருக்கிறது. முன்னால் போகும் பஸ்ஸை முந்த வேண்டுமானால் ஓட்டுநருக்கு எதிரே வருவது தெரியாது. இடது பக்கம் உட்கார்ந்திருந்த நான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குப் பர்மிய மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. கையை ஆட்டி ஆட்டியே நகர நடுவில் இருக்கும் பபேடான் வந்து சேர்ந்தோம்.

உறவினர் வீட்டில் வெளிநாட்டுக்காரர் இரவு தங்குவது அங்கே பெரிய வம்பு. அதனால் பபேடானில் ஒரு விடுதியில் என்னை இறக்கினார். கீழே இறங்கினால் மசூதி, கோயில், துணிக்கடை, பருப்புக்கடை என்று நம் பெரிய கடைவீதி மாதிரியே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாடியிலிருந்தும் கயிறு தொங்குகிறது. கயிற்றின் நுனியில் கிளிப்போ பையோ இருக்கும். பேப்பர்காரர் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கிறது. நாலு மாடி ஏறி இறங்கும் நம் ஊர்த் தபால்காரரை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

காலைப் பலகாரம் மோகிங்கா. மீன் குழம்பில் மிதக்கும் சேமியா என்று சொல்லலாம். காலை ஆறு மணிக்கு மீன் குழம்பா என்று முதல் நாள் முகம் சுளித்தேன். மூன்றாம் நாள் இரண்டாவது கிண்ணம் கேட்டேன்.

திங்கட்கிழமை மாலை பாடம் தொடங்கியது. கமலா வேலை முடிந்து, ஆற்றைத் தாண்டி, இரண்டு பஸ் மாறி வந்தாள். கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய முகம், கையில் நகலெடுத்த தாள்கள். மூர்த்தியும் வந்து சேர, விடுதிக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். அங்கே டீ கேட்க முத்தம் கொடுப்பது போல உதட்டால் சத்தம் எழுப்ப வேண்டும். திருச்சியில் அப்படிச் செய்தால் செருப்பு பறக்கும். மூர்த்தி சத்தம் எழுப்பினார், டீ வந்தது.

நான் வகுப்பறைக் குரலில் ஆரம்பித்தேன். ஜனநாயகம், கட்சி, தேர்தல் என்று ஆங்கில வார்த்தைகள் இரண்டு மூன்று விழுந்ததும் பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. ராணுவம் ஆளும் நாடு அது. கடைக்காரர் வந்து எங்கள் மேசையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த மேசை.

கமலா குனிந்து, "அத்தான், அந்தப் பேரெல்லாம் வேணாம். சின்னத்தச் சொல்லிப் பேசுவோம்" என்றாள்.

அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றுக்கு யானை அடையாளம், இன்னொன்றுக்குக் கழுதை. அன்று முதல் யானைக் கட்சி, கழுதைக் கட்சி என்றே பாடம் நடந்தது. கட்சி என்ற தமிழ்ச் சொல் அங்கே யார் காதுக்கும் எட்டவில்லை. யானை போன முறை ஜெயித்தது, கழுதை அடுத்த முறை வரும் என்று நாங்கள் பேசுவதைக் கேட்ட ஒரு கிழவர், தமிழ் கொஞ்சம் தெரிந்தவர் போலிருக்கிறது, சர்க்கஸ் எங்கே நடக்கிறது என்று மூர்த்தியிடம் விசாரித்தார்.

கமலா கெட்டிக்காரி. அமெரிக்க அரசமைப்பில் கட்சி என்ற பேச்சே இல்லை, கட்சிகள் பின்னால் தாமாக முளைத்தவை என்றால் உடனே பிடித்துக்கொண்டாள். எந்தக் கட்சிக்கு உறுப்பினர் அதிகமோ அந்தக் கட்சிக்காரரே சபையை நடத்துவார், குழுக்களுக்குத் தலைவராவார் என்பதும் புரிந்தது. ஜனாதிபதி யானையாகவும் சபை கழுதையாகவும் ஒரே சமயத்தில் இருக்க முடியும் என்றபோது மட்டும் சிரித்தாள். பின் எதற்காக இரண்டு முறை தோற்றாள் என்று எனக்கு விளங்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் கேட்ட கேள்வியில் விளங்கியது.

"அத்தான், தோத்துப்போன கட்சிக்காரங்க எங்க போவாங்க?"

"வீட்டுக்குத்தான். ஜெயிச்சவங்க அளவுக்கு இல்லேன்னாலும் அவங்களுக்கும் சபையில ஆளு இருப்பாங்க. மறுநாள் வந்து எதிர்த்துப் பேசுவாங்க."

"வீட்டுக்கா?" என்றாள். எதிர்த்தவர்கள் சிறைக்குப் போவதையே பார்த்து வளர்ந்தவள். மூர்த்தியைப் பார்த்தாள். பிறகு தாளின் ஓரத்தில் வீட்டுக்கு என்று பென்சிலால் எழுதிக்கொண்டாள். எதிர்க்கட்சி என்பதற்கு நான் பதினைந்து வருஷமாகக் கரும்பலகையில் எழுதிவந்த இலக்கணம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு முன் வெறும் சுண்ணாம்பாகத் தெரிந்தது. நம் ஊரில் தோற்றவர் மாலையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போவதையும், மறுநாள் டிவியில் உட்கார்ந்து கத்துவதையும் நான் ஒரு பாக்கியமாக நினைத்ததே இல்லை. அன்றைக்கு நினைத்தேன்.

புதன்கிழமை கட்சிக் கட்டுப்பாடு பற்றிய பகுதி. எனக்கு அல்வா சாப்பிடுவது மாதிரியான பாடம். கட்சிக் கொறடா உத்தரவு போடுவார், அதை மீறி ஓட்டுப் போட்டால் உறுப்பினர் பதவி பறிபோகும், தேர்தலில் யார் நிற்பது என்பதைத் தலைமைதான் முடிவு செய்யும் என்று மளமளவென்று சொன்னேன். கமலாவின் பென்சில் நின்றது. தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சரி அத்தான்" என்றாள்.

அதிகம் கேள்வி கேட்காத மாணவி என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. சமூசாவைப் பிய்த்துப் போட்டு, முட்டைக்கோசும் புளியும் சேர்த்துப் பிசைந்த ஒரு தட்டை அவள் என் பக்கம் தள்ளினாள். இரண்டு தட்டு தின்றேன்.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தோம். தேர்வு வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு. கடைசி நேரத்தில் படித்தால் குழம்பும் என்று, அவள் தாள்களை நானே வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். "நீங்க நாளைக்காவது ஊரப் பாருங்க அத்தான். கியாக்தான் போய்ட்டு வாங்க, ஆத்து நடுவுல புத்தர் பகோடா இருக்கு" என்று வற்புறுத்தினாள். அவளுக்காக வந்தவனை டீக்கடையிலேயே உட்கார்த்தி வைத்துவிட்டோமே என்று அவளுக்கு உறுத்தல்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறினேன். தன்லியின் பாலம், தொழிற்சாலைகள், பிறகு வயல்கள், கியாக்தான். ஆற்றின் நடுவே சின்னத் தீவில் பொன்னிறக் கோபுரம் நின்றது. படகு வர நேரமாகும் என்றார்கள். மீனுக்குப் பொரி விற்கும் ஒரு அம்மாளின் குடை நிழலில் உட்கார்ந்தேன். பொரியை வீசினால் பூனை அளவுக்குக் கெளுத்திகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வாயைப் பிளந்தன. பொரி தீர்ந்ததும் சும்மா இருக்க மாட்டாமல் பையிலிருந்து கமலாவின் தாள்களை எடுத்தேன்.

மாதிரிக் கேள்வி ஒன்று. ஓர் உறுப்பினர் தன் கட்சியின் மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடுகிறார். அவருக்கு என்ன ஆகும்? நான்கு விடைகள். பதவியில் தொடர்வார், அடுத்த தேர்தலில் மக்கள் முடிவு செய்வார்கள் என்ற விடைக்குப் பக்கத்தில் கமலா முதலில் பென்சிலால் குறி போட்டிருந்தாள். அதை அழித்துவிட்டு, பதவியை இழப்பார் என்ற விடைக்குக் குறி போட்டிருந்தாள். அழித்த தடம் தெளிவாகத் தெரிந்தது.

கடைசிப் பக்கத்து விளக்கத்தைப் புரட்டினேன். அவள் அழித்ததுதான் சரி. அமெரிக்காவில் கட்சியை எதிர்த்து ஓட்டுப் போட்டால் யாரும் பதவியைப் பறிக்க முடியாது. கட்சி முறைக்கலாம், குழுவிலிருந்து நீக்கலாம், அவ்வளவுதான். வேட்பாளரையும் தலைமை நியமிப்பதில்லை. கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களே முன்கூட்டி ஒரு தேர்தல் வைத்துப் பெரும்பாலும் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். நான் புதன்கிழமை நடத்தியது அமெரிக்கா அல்ல, இந்தியா. கொறடாவும் கட்சித் தாவல் சட்டமும் பதினைந்து வருஷப் பழக்கத்தில் தானாக வாயில் வந்துவிட்டன. அரசியல் எல்லா ஊரிலும் அரசியல்தானே என்ற என் மனைவியின் வார்த்தையை நானும் நம்பியிருக்கிறேன்.

சரியாகப் படித்து வைத்திருந்தவளை நான் விமானம் ஏறி வந்து கெடுத்திருக்கிறேன். இந்தப் பகுதியில்தான் அவள் இரண்டு முறை சறுக்கியது. இன்னொரு முறை சறுக்கினால் தாய்லாந்து போச்சு. மணி பத்தரை. கமலாவுக்குப் போன் போட்டேன், போகவில்லை. மூர்த்திக்குப் போட்டேன், அதுவும் போகவில்லை. மின்சாரம் போனால் அங்கே போன் கோபுரமும் சேர்ந்து படுத்துவிடுகிறது.

"ஏம்பா, மொகம் இப்புடி வெளுத்துப்போச்சு?" என்று தமிழில் ஒரு குரல். பொரி விற்ற அம்மாள்தான். பெயர் டோ அஞ்சலை. அதுவரை பர்மிய மொழியிலேயே பேசிக்கொண்டிருந்தவர்.

நான் கொட்டித் தீர்த்தேன். யானை, கழுதை, கொறடா எல்லாம் அவருக்கு எட்டியிருக்காது. ஒரு பெண்ணுக்கு இன்று பரீட்சை, இந்த ஆள் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டான் என்பது மட்டும் எட்டியது. "அடப் பாவி" என்றார். உடனே எழுந்து கரையைப் பார்த்துக் கத்தினார். படகுத்துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அவருடைய மருமகன் கோ மின் மோட்டார் சைக்கிளோடு வந்து நின்றார்.

கியாக்தானிலிருந்து தன்லியின் வரை நான் பார்த்தது கோ மின்னின் முதுகை மட்டும்தான். மோட்டார் சைக்கிள் யாங்கூன் நகருக்குள் போக அனுமதி இல்லை. பாலத்துக்கு முன்னால் என்னை இறக்கி, நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் ஏற்றி, நடத்துநரிடம் நீளமாக ஏதோ சொன்னார். பெட்ரோலுக்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். என் கையை மடக்கி என் நெஞ்சிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு ஒரு பர்மிய வார்த்தைகூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

பாலத்தில் சோதனை, வண்டிகள் வரிசையாக நின்றன. மணி பன்னிரண்டு. நடத்துநர் பஸ் முழுவதற்கும் என் கதையைச் சொல்லிவிட்டார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கீரைக் கூடையோடு இருந்த ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்து, அவித்த சோளம் ஒன்றைக் கையில் திணித்தார். செயா, செயா என்றார்கள். வாத்தியார் என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் கேட்க எனக்குக் கூசியது. பாலம் தாண்டியதும் ஒரு நிறுத்தத்தில் இரண்டு பேர் கையை நீட்ட, பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரே கூச்சல். நிறுத்தாதே, செயாவின் மாணவி காத்திருக்கிறாள், அடுத்த வண்டியில் வரட்டும் என்கிறார்கள் என்று பின்னாலிருந்த ஒரு மாணவர் ஆங்கிலத்தில் எனக்கு மொழிபெயர்த்தார். நம் ஊரில் என்றால் என்னைத்தான் இறக்கிவிட்டிருப்பார்கள்.

தேர்வு நடக்கும் கட்டடத்தின் வாசலில் நான் போய் விழுந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். கமலா மூர்த்தியோடு வாசற்படியில் நின்றிருந்தாள். போனை அணைத்துப் பைக்குள் போட்டிருந்தாள்.

"கமலா, நான் சொன்னது தப்பு. எதிர்த்து ஓட்டுப் போட்டாப் பதவி போகாது. தலைமை ஆளப் போடாது, ஜனங்கதான் போடுவாங்க. நீ மொதல்ல போட்ட குறிதான் சரி" என்று மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும் அத்தான்."

"தெரியுமா? எப்போ?"

"நீங்க சொல்லிக்கிட்டு இருக்கையிலேயே. பொஸ்தகத்துல வேற மாதிரி போட்டிருந்திச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

மூர்த்திதான் பதில் சொன்னார். "ஆநாடே, சகலை." பிறரைச் சங்கடப்படுத்த மனம் வராமல் தன்னைத் தானே ஒடுக்கிக்கொள்வதற்கு அங்கே அப்படி ஒரு சொல். அது நல்ல குணம் என்று பிறந்ததிலிருந்து சொல்லி வளர்க்கிறார்கள்.

"எனக்காக வேலைய விட்டுட்டு இவ்ளோ தொலவு வந்திருக்கீங்க. ஒங்க மொகத்துக்கு நேரா தப்புன்னு எப்பிடிச் சொல்றது?" என்றாள் கமலா. "அதான் அழிச்சிட்டேன்."

"தாள்ல அழிச்சது போகட்டும். உள்ள அந்தக் கேள்வி வந்தா எதப் போட்டிருப்பே?"

அவள் மூர்த்தியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாத்தியார் பார்க்காத இடத்திலும் மரியாதை காட்டி, தெரிந்தே தப்பைப் போட இருந்திருக்கிறாள். தன் தாய்லாந்தை எனக்காக விட்டுக்கொடுக்க இருந்திருக்கிறாள்.

"கமலா, எனக்கு மரியாத பண்ணணும்னா சரியானதப் போடு. என்ன எதிர்த்துப் போடு. நான் ஒன்னும் கொறஞ்சுபோக மாட்டேன்" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நானும் மூர்த்தியும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் தெருவே அணைந்தது, மின்சாரம் போய்விட்டது. கணினியில் அல்லவா எழுதுகிறாள் என்று நான் எழுந்து நின்றேன். கட்டடத்தின் பின்னால் ஜெனரேட்டர் இருமியது, பிறகு சீராக ஓடியது. மூர்த்தி கண்ணை மூடிக் காதைக் கொடுத்துக் கேட்டார். "நல்ல மிஷின். நிக்காது, ஒக்காருங்க சகலை" என்றார். தொழில் தெரிந்தவரின் வார்த்தை எத்தனை ஆறுதல் என்று அன்று தெரிந்தது. கமலா வெளியே வந்தபோது எதுவும் கேட்க எங்கள் இருவருக்கும் தைரியம் இல்லை.

சனிக்கிழமை முடிவு வந்தது. விடுதி வாசலில் போனை நீட்டினாள். தேறியிருந்தாள். மூர்த்தி என்னைக் கட்டிப்பிடித்தார். நான் சமயபுரத்தாளுக்கும், டோ அஞ்சலைக்கும், கோ மின்னுக்கும், பெயர் தெரியாத அந்தக் கீரைக்காரப் பெண்ணுக்கும் சேர்த்து மனதுக்குள் கும்பிட்டேன். நான் கெடுத்ததை அவர்கள்தான் சரிசெய்தார்கள்.

"அந்தக் கேள்வி வந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அதே கேள்வி இல்ல, அத மாதிரி வந்திச்சு. ஒங்கள எதிர்த்துத்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அத்தான், ஒன்னு கேக்கவா? கட்சிய எதிர்த்து ஓட்டுப் போட்டவருக்குப் பதவி போகாதுதானே?"

"போகாது."

"அத்தான எதிர்த்துப் பேசினாக் கொழுந்தியாப் பதவி?"

"அதுவும் போகாது."

அவள் வாசற்படியில் உட்கார்ந்து, என் பையைத் திறந்து அந்தத் தாள்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இந்த ஆறு நாளில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அப்ப ஒக்காருங்க. இன்னும் ரெண்டு எடத்துல தப்பாச் சொல்லியிருக்கீங்க."